மலைப்பாதைக்கு ஏற்ற உறுதியான சிறு இழுவைப் பெட்டி

ஊவா மாகாணத்துக் கமக்காரர் பயிரிடுவதற்குச் செலவிடும் உழைப்புக்குச் சற்றும் குறையாத உழைப்பைச் சுமப்பதற்கும் செலவிடுகின்றனர். வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளை, ஹாலிஎல ஆகிய பகுதிகளில் பெரும்போகத்தில் நெல் விளையும் படிக்கட்டு வயல்கள் பல, சிறுபோகத்தில் உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பயன்படுகின்றன. வயலுக்கு எரு இறங்க வேண்டும். வயலிலிருந்து விளைவு ஏற வேண்டும். லொறி நிற்கும் பாதையோ மேட்டில் இருக்கிறது. ஓர் ஏக்கரில் 6 தொன் கிழங்கு கிடைத்ததாகக் கொள்வோம். தலைச்சுமையாக ஒரு தடவைக்கு 30 கிலோகிராம் வீதம் ஏற்றினால் 200 நடை நடக்க வேண்டும். அதே கிழங்கைச் சிறிய இழுவைப் பெட்டியில் 400 கிலோகிராம் வீதம் ஏற்றினால் 15 நடை போதுமானது. இக்கணக்கை எந்தக் கமக்காரருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பண்ணைகளில் நான்கு சில்லுகள் கொண்ட மோட்டார் வண்டியின் பின்னால் இத்தகைய சிறு பெட்டிகளைப் பூட்டி இழுப்பர். நம்மிடம் அவ்வேலையைச் செய்வது இருசில்லு உழவு இயந்திரமாகும். முன்னாளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வகையின் பெயரே நிலைத்துவிட்டபடியால், ஜப்பானில் செய்ததையும் சீனாவில் செய்ததையும் நம்மவர் ‘லேண்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். உழவு முடிந்தபின் கலப்பையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டால் அது வண்டியாகிவிடும். பெட்டியை ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் பட்டறைக்காரர் அறிந்திருக்கும் அளவுகள் பெரும்பாலும் சமநிலத்துக்கு உரியவை. மகியங்கனைப் பக்கத்து வயல்வெளியில் குறையின்றி ஓடும் பெட்டி, ஹப்புத்தளைச் சரிவில் ஆளைக் கொன்றுவிடக்கூடும். மலைநாட்டுப் பெட்டி எவ்வாறு வேறுபட வேண்டும் என்பதையே இங்கு விளக்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வெலிமடைப் பகுதிக் கமக்காரர் ஒருவர் பிரேக்கு இல்லாத பழைய பெட்டியொன்றை வாங்கிப் பயன்படுத்தி வந்தார். கிழங்கு மூட்டைகளுடன் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்குகையில், வளைவில் இடப்பக்கம் திரும்புவதற்காக இடக்கைப் பிடியை அழுத்தினார். இயந்திரம் வலப்பக்கம், அதாவது பள்ளத்தின் பக்கம், திரும்பிற்று. நான்கைந்து வரிசைத் தேயிலைச் செடிகள் வண்டியைத் தாங்கிக்கொண்டன, அவருக்குக் கால் முறிந்தது, உயிர் தப்பினார். “ஐயா, இடது பக்கந்தான் பிடித்தேன், வலது பக்கம் போய்விட்டது” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கூறினார். அவர் பிழையாகப் பிடிக்கவில்லை என்பதை அப்போதுதான் நானும் முழுமையாக உணர்ந்தேன். காரணத்தைப் பின்னர் கூறுகின்றேன். அதற்கு முந்திய மாதம் அந்தப் பெட்டியை நான் நேரில் பார்த்திருந்தேன். எஞ்சின் எண்ணெயைப் பற்றி அரைமணி நேரம் பேசினேனேயன்றி, பிரேக்கு எங்கே என்று கேட்கவில்லை. நான் பயிற்சி பெற்ற பாடசாலைப் பண்ணை சமநிலத்தில் இருந்தது என்பது இதற்குப் போதிய சமாதானம் ஆகாது.

சரிவு தள்ளும் தள்ளு

இயந்திரம் ஏறக்குறைய 300 கிலோகிராம், பெட்டி 180, அதிலுள்ள சுமை 450, ஓட்டுபவர் 60 அல்லது 70; எல்லாம் சேர்ந்து ஒரு தொன் ஆகிவிடுகின்றது. எட்டடி தூரத்துக்கு ஓரடி வீதம் இறங்கும் பாதையில் இந்த ஒரு தொன், 125 கிலோகிராம் விசையுடன் கீழ்நோக்கித் தள்ளும். ஐந்தடிக்கு ஓரடி இறங்கும் பாதையில் அது 200 கிலோகிராம் ஆகும். கடினமான பாதையில் சில்லுகள் உருள்வதால் உண்டாகும் தடை இதில் 20, 30 கிலோகிராமைத்தான் குறைக்கும். எஞ்சியதை யாரேனும் பிடித்து நிறுத்தியாக வேண்டும். பெட்டியில் பிரேக்கு இல்லாவிடின் அந்தப் பொறுப்பு முழுவதும் எஞ்சினிலும் அதன் வார்ப்பட்டியிலும் விழுகின்றது. வார்ப்பட்டி வழுக்கினால் அதுவும் இல்லை.

வேகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீற்றர் என்பது பெரிய வேகமாகத் தோன்றாது. ஓடும் சிறுவனும் அதனை எட்டுவான். ஆயினும் அவ்வேகத்தில் செல்லும் ஒரு தொன் பாரத்தைத் திடீரென நிறுத்துவது, அதே பாரம் மூன்றடி உயரத்திலிருந்து விழும்போது தாங்குவதற்குச் சமனாகும்.

உங்கள் பாதையின் சரிவை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எட்டடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றின் ஒரு முனையைப் பாதையின் மேற்பக்கத்தில் வைத்து, கொத்தனாரின் நீர்மட்டத்தைப் பலகையின்மேல் வைத்து, மற்ற முனையைச் சமமாக வரும்வரை உயர்த்துக. உயர்த்திய முனைக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை அளந்தால் அதுவே எட்டடிக்கு உரிய இறக்கம். பாதையின் மிகச் சரிவான இடத்தில் இதனை அளந்து எழுதிவைத்துக்கொண்டே பட்டறைக்குச் செல்லுதல் நன்று.

பெட்டியைத் தாழ்வாக அமைத்தல்

சமநிலத்துப் பெட்டிகளில் சில்லுகள் தட்டின் கீழே இருக்கும். அதனால் தட்டு அகலமாக அமையும். ஆனால் அது நிலத்திலிருந்து 70 சென்ரிமீற்றர் அளவு உயர்ந்துவிடும். மலைப்பாதைக்குப் பெட்டி சில்லுகளுக்கு இடையில் இறங்கியிருக்க வேண்டும். உட்புறம் 185 சென்ரிமீற்றர் நீளமும் 105 சென்ரிமீற்றர் அகலமும் வைத்து, தட்டை நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றரில் நிறுத்தலாம். சில்லுகள் பெட்டிக்கு வெளியே நிற்பதனால் ஒரு சில்லின் நடுவுக்கும் மற்றதன் நடுவுக்கும் இடையே நாலரை அடி கிடைக்கும். முழு அகலம் ஐந்தடி ஆகும். பழைய கரத்தைப் பாதை எதிலும் இது செல்லும்.

இவ்வளவுகளை நான் மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகளை மனத்திற்கொண்டே கூறுகின்றேன். 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் உள்ள கூடைகளாயின், ஓர் ஓரத்தில் மூன்றை நீளவாட்டிலும் மறு ஓரத்தில் நான்கைக் குறுக்கேயும் வைத்து ஒரு அடுக்கில் ஏழு கூடைகளை அசையாமல் அடுக்கலாம். மூன்று அடுக்குக்கு 21 கூடைகள். தக்காளியையும் போஞ்சியையும் சாக்கில் திணித்து அதன்மேல் ஆளும் ஏறி அமர்ந்து வருவதால் நசுங்கி வீணாகும் பொருளைக் கெப்பெட்டிபொல சந்தையில் எவரும் விலைக்கு வாங்குவதில்லை. உங்களிடமுள்ள கூடை வேறு அளவினதாயின் முதலில் அதனை அளந்து, பெட்டியின் உட்புறத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்க.

தாழ்வாக அமைப்பதன் நன்மை கணக்கில் தெளிவாகத் தெரியும். மூன்று அடுக்கு ஏற்றிய தாழ்ந்த பெட்டியில் சுமையின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். அசையாது நிற்கும் இப்பெட்டி புரள்வதற்கு ஒரு சில்லு மற்றதைவிட 80 சென்ரிமீற்றர் உயர வேண்டும். அதே கூடைகளை உயர்ந்த தட்டில் ஏற்றி, சில்லுகளையும் தட்டின் கீழே நெருக்கி வைத்தால் ஏறக்குறைய 43 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே புரண்டுவிடும். ஓடும்போதும் வளைவில் திரும்பும்போதும் இரண்டுமே இதனிலும் குறைந்த அளவில் புரளும் என்பதையும் மறத்தலாகாது. மழை அரித்த பாதையில் ஒரு சில்லு கல்லின்மீதும் மறு சில்லு பள்ளத்திலும் இருப்பது நாம் நாள்தோறும் காணும் காட்சியே.

சட்டத்துக்கு 50 மில்லிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கோண இரும்பு போதுமானது. தட்டின் கீழே 45 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் இடுக. தட்டுக்கும் பக்கங்களுக்கும் ஓரங்குலப் பலகை நல்லது. தகடு அடித்த பெட்டி அழகாக இருக்கும். ஆனால் எருவின் ஈரம் மூலைகளில் தங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் தகட்டைத் தின்றுவிடும். பழுதுபட்ட பலகையை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பலகைகளுக்கிடையே விரல் நுழையாத அளவு இடைவெளி விட்டால் கழுவிய நீர் வடிந்துவிடும். பின் கதவு முழுதாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

அச்சு

அச்சைப் புதிதாகச் செய்வதைவிட, உடைத்து விற்கும் பழைய கார் ஒன்றின் பின் அச்சை வாங்குவதே சிறந்தது. முன்சில்லுகளால் இயங்கும் சிறு கார்களின் பின் அச்சில் கியர்ப் பெட்டி இல்லை, பாரமும் குறைவு. அதனுடன் குண்டுப் போதிகை, சில்லுத் தலை, பிரேக்குத் தொட்டி, கைப்பிரேக்குக் கம்பிவடம் யாவும் பொருந்தியே வரும். இரும்புக் கம்பியைக் கடைந்து அச்சாக்கிக் கொடுக்கும் பட்டறைகள் பல உண்டு. அவை பிரேக்கைத் தருவதில்லை. விலை மலிவு என்று அதனை வாங்குவோர் பின்னர் பிரேக்குக்கு வேறாகச் செலவழிக்க மனமின்றி விட்டுவிடுகின்றனர். அச்சை வாங்கும்போது இரண்டு தொட்டிகளையும் கழற்றிப் பார்த்து, உட்புறம் ஆழமாகத் தேய்ந்திருப்பின் மறுத்துவிடுக.

அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நடுவில் வைத்தால் பாரம் சமமாகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஏற்றத்தில் பெட்டி பின்புறம் சாய்வதால் சுமையின் நடுப்புள்ளி அச்சுக்குப் பின்னால் நகர்கின்றது. பின்பக்கத்தில் இரண்டொரு மூட்டை மிகுந்தாலும் போதும். தண்டு மேலெழுந்து இயந்திரத்தின் பின்புறத்தைத் தூக்கும். சில்லுகள் பிடியிழந்து சுழலும். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். ஆகவே பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 110 சென்ரிமீற்றரிலும், பின்விளிம்பிலிருந்து 75 சென்ரிமீற்றரிலும் அச்சு வருமாறு அமைக்க வேண்டும். அச்சைச் சட்டத்தோடு வெல்டிங் செய்துவிடாமல் யூ வடிவப் போல்ட்டுகளால் இறுக்குக. சோதித்துப் பார்த்து முன்னோ பின்னோ நகர்த்த அது இடந்தரும். சில்லுத் தலைக்கு அருகில் வெல்டிங் செய்தல் கூடவே கூடாது. போதிகையும் கெடும், அச்சு முனையின் உறுதியும் கெடும்.

இழுவைத் தண்டும் கொளுவியும்

கரத்தைக்கு ஏர்க்கால் எப்படியோ அப்படியே இப்பெட்டிக்கு இழுவைத் தண்டு. முறிந்துபோன பெட்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில், அதாவது தண்டு பெட்டியின் முன்சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில், முறிந்திருப்பதைக் காணலாம். குலுக்கலின் வளைவு முழுவதும் அங்கேதான் குவிகின்றது. முன்சட்டத்தில் தண்டை ஒட்டவைத்து நிறுத்திவிடும் பட்டறை வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 75 மில்லிமீற்றர் சனல் இரும்பு இரண்டை எடுத்து, பெட்டியின் கீழே அச்சு வரை ஓடவிட்டு, முன்பக்கம் ‘வி’ வடிவில் கூடுமாறு அமைத்தல் வேண்டும். வெல்டிங் கோடு இரும்பின் நீளவாட்டில் ஓட வேண்டும்; சனலின் மேல், கீழ் விளிம்புகளைக் குறுக்காக வெட்டிச் செல்லும் வெல்டிங்கிலும், அவ்விளிம்புகளில் துளைத்த துவாரத்திலும் வெடிப்புத் தொடங்கும். துவாரம் இன்றியமையாததாயின் சனலின் நடுப்பகுதியில் துளைக்கலாம்.

பெட்டியின் முன்விளிம்பிலிருந்து கொளுவி வரை ஏறக்குறைய 110 சென்ரிமீற்றர் இருந்தால் ஓட்டுபவர் ஆசனத்துக்கும் கால் வைக்கும் பலகைக்கும் இடம் உண்டு. திரும்பும்போது கைப்பிடிகள் பெட்டியில் முட்டாது. உங்கள் இயந்திரத்தின் கைப்பிடி நீளத்தை அளந்து இதனைச் சரிபார்க்க.

கொளுவி மூன்று விதமாக அசைய வேண்டும். இடம் வலமாகத் திரும்புவதும், மேடு பள்ளத்தில் மேலும் கீழும் மடிவதும் எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. மூன்றாவது அசைவையே பலர் விட்டுவிடுகின்றனர். பெட்டியின் ஒரு சில்லு கல்லில் ஏறும்போது தண்டு தன் அச்சிலே உருள இடமிருக்க வேண்டும். இல்லாவிடின் பெட்டியின் சாய்வு இயந்திரத்துக்கும் தொற்றும். பெட்டி புரளும்போது இயந்திரமும் ஓட்டுபவரின் கைகளுக்குள்ளேயே புரளும். தடித்த குழாய் ஒன்றினுள் தண்டின் முனை சுழலுமாறு விட்டு, முன்னால் பெரிய நட்டும் அதற்கு ஊசியும் இட்டால் இவ்வசைவு கிடைத்துவிடும்.

கொளுவியின் ஊசி 25 மில்லிமீற்றர் பருமனுள்ளதாகவும், துவாரத்தில் தளர்வின்றிப் பொருந்துவதாகவும் இருக்கட்டும். கட்டடக் கம்பியின் துண்டை ஊசியாகச் செருகுவோரும் உளர். அதன் வரிகள் துவாரத்தை அரிக்கும். ஊசியின் கீழ்முனையில் வளையப் பூட்டு இன்றியமையாதது. ஊசி தவறினாலும் பெட்டி தனியே ஓடிவிடாதபடி, தண்டிலிருந்து இயந்திரச் சட்டத்துக்குச் சங்கிலியொன்று பூட்டுக. திரும்புவதற்கு வேண்டிய தளர்ச்சி போதும். தரையில் இழுபடும் நீளம் வேண்டாம்.

பிரேக்கு

முன்னாளில் மலைப்பாதைகளில் சென்ற கரத்தைகளிலும் சில்லோடு மரக்கட்டையை அழுத்தும் தடை இருந்தது. மாட்டினால் இழுக்க முடியும், பாரத்தைத் தாங்கிக்கொண்டு இறங்க முடியாது என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

பழைய காரின் அச்சோடு வந்த கைப்பிரேக்குக் கம்பிவடங்களையே பயன்படுத்தலாம். ஆசனத்தின் முன் வலக்காலுக்கு எதிரே மிதியொன்று அமைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைப் பின்னோக்கிக் கொண்டுசென்று, சிறிய குறுக்குக் கட்டையொன்றின் நடுவில் இணைக்க வேண்டும். அக்கட்டையின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு சில்லுகளுக்கும் கம்பிவடங்கள் செல்லும். ஒரு பக்கம் முன்னதாக இறுகினால் கட்டை சாய்ந்து மறுபக்கத்துக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும். இச்சிறு கட்டை இல்லாத பிரேக்கு ஒரு சில்லை மட்டும் பிடித்து வண்டியைக் குறுக்கே இழுத்துவிடும். மிதியின் நீண்ட பக்கம் குறுகிய பக்கத்தைவிட ஐந்து மடங்காக இருப்பின் காலின் விசை போதியதாகும். மிதியை அழுத்திய நிலையில் பூட்டி வைக்கப் பல்லுக்கட்டை ஒன்றும் வேண்டும். சுமை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதுவே வண்டியை நிறுத்தி வைக்கும். அதனை மட்டும் நம்பாமல், இரண்டு மர ஆப்புகளைச் சங்கிலியால் பெட்டியோடு கட்டி வைத்துக்கொள்க; கட்டாத ஆப்பு வேண்டிய நேரத்தில் வீட்டில் கிடக்கும்.

சுமையை வைத்தலும் நிறுத்தலும்

பெட்டி முடிந்ததும், சமதரையில், வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, சில்லுகளுக்கு ஆப்பு வைத்து, இயந்திரத்திலிருந்து கழற்றி, தண்டின் முனையைத் தொங்கு தராசில் மாட்டித் தூக்குக. கொழுந்து நிறுக்கும் தராசு தோட்டங்களில் எங்கும் உண்டு; ஒரு நாள் மாலை இரவல் பெற்றால் போதும். தராசின் முழு அளவு 100 கிலோகிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும். தண்டு மட்டமாக நிற்கும்போது 50 முதல் 65 கிலோகிராம் வரை காட்டினால் அச்சு சரியான இடத்தில் உள்ளது. குறைந்தால் அச்சைச் சிறிது பின்னுக்கும், மிகுந்தால் முன்னுக்கும் நகர்த்துக. ஓட்டுபவர் ஆசனத்தில் அமர்ந்ததும் இன்னும் 35, 40 கிலோகிராம் கூடும் என்பதையும் சேர்த்தே இவ்வளவைக் கூறுகின்றேன். இதற்கு மிகுந்தால் இயந்திரத்தின் முகம் மேலெழும். கைப்பிடி பாரமாகி, திரும்புவது கடினமாகும்.

பசளை மூட்டைகளைப் போன்ற கனமான பொருள் கீழேயும், அச்சுக்குச் சற்று முன்னாகவும் இருக்கட்டும். கோவா, லீக்ஸ் போன்று பாரத்தைவிட இடம் மிகுதியாக வேண்டும் பொருள்களைப் பக்கப்பலகைக்கு மேல் குவிக்கும் வழக்கம் உண்டு. அது தாழ்வான பெட்டியால் கிடைத்த நன்மை அனைத்தையும் போக்கிவிடும். கிருமிநாசினிப் போத்தல்களையும் மரக்கறியையும் ஒரே பெட்டியில் ஒரே நடையில் ஏற்றுவதைப் பற்றி வேறாகச் சொல்ல வேண்டியதில்லை என எண்ணுகின்றேன்.

மனிதரை ஏற்றலாகாது. வேலை முடிந்து களைத்து வரும் பெண்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் வழியில் ஏற்றிக்கொள்வது இரக்கத்தால் செய்யப்படுவதே. அதனை நான் குறைகூறவில்லை. ஆயினும் சுமை ஓரிடத்தில் கிடக்கும். மனிதர் வளைவில் அஞ்சி ஒருபுறம் ஒதுங்குவர். பாரமும் அப்புறம் சாயும். இப்பெட்டியில் ஓட்டுபவருக்கு மட்டுமே ஆசனம் உண்டு.

இறக்கத்தில் ஓட்டும் முறை

மேலே சொன்ன கமக்காரரின் இயந்திரம் மறுபக்கம் திரும்பியதன் காரணம் இதுதான். இருசில்லு இயந்திரத்தில் இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச் சில்லுக்கு எஞ்சினோடுள்ள தொடர்பு அறுகின்றது. சமதரையில் அந்தச் சில்லு இழுப்பாரின்றி மெதுவாகும். வலச் சில்லு தொடர்ந்து இழுப்பதனால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ எஞ்சின் சில்லுகளை இழுப்பதில்லை, ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றது. அந்நிலையில் இடப்பிடியை அழுத்தினால் இடச் சில்லு பிடிப்பாரின்றி விரைந்தோடும். பிடிபட்டிருக்கும் வலச் சில்லு பின்தங்கும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். சரிவு மிகுதியாகவும் பெட்டியில் சுமை நிறைந்தும் இருப்பின் இது திடீரென நிகழும். பாதையின் நடுவிலேயே சரிவு மாறுமிடங்களில் எப்பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்வது அனுபவசாலிக்கும் அரிது. ஆதலால் இறக்கத்தில் அப்பிடிகளைத் தொடாதிருப்பதே விதி. கைப்பிடியைத் தோள்வலுவால் மெல்ல ஒதுக்கித் திரும்புக. அவ்வாறு திரும்புவதற்கு வேகம் மிகக் குறைந்திருக்க வேண்டும்.

இறக்கம் தொடங்குமுன் சமதரையிலேயே நின்று மிகத் தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்க. இடையில் கியர் மாற்ற முயல்வதும், கிளச்சை விடுவிப்பதும், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் ஓடவிடுவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். 2022ஆம் ஆண்டில் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பலர் இக்கடைசிப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டனர். டீசல் கிடைத்தபின்பும் சிலர் அதனை விடவில்லை.

பெட்டியின் பிரேக்கை வேகம் கூடியபின் அல்ல, இறக்கத்தின் தலையிலேயே மெதுவாக அழுத்தத் தொடங்குதல் வேண்டும். பெட்டி பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும்வரை தண்டு நேராக நிற்கும். பெட்டி இயந்திரத்தைத் தள்ளத் தொடங்கியதும் தண்டு ஒரு பக்கமாக மடங்க முற்படும்; மடங்கியபின் எந்தப் பிரேக்காலும் அதனை நேராக்க இயலாது.

ஈரக் களிமண் பாதையில் டயரின் பிடி, அதன்மேலுள்ள பாரத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடலாம். ஐந்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவுக்கு ஐந்தில் ஒரு பங்கு பிடி தேவைப்படுகின்றது. ஆகவே அங்கு எஞ்சியிருக்கும் பாதுகாப்பு மிக மெல்லியது. சுமையைக் குறைத்துக்கொண்டு போகலாமே என்று கேட்பர். சுமை குறைந்தால் தள்ளு குறையும். அதே அளவில் டயரின் பிடியும் குறையும். வழுக்குவது வழுக்கத்தான் செய்யும். இத்தகைய இடங்களில் மழை விட்டு நிலம் காயும்வரை காத்திருப்பது, அல்லது சில்லுகள் ஓடும் இரு தடங்களில் மட்டுமாவது கல் பாவுவது, இவையிரண்டைத் தவிர வேறு வழியில்லை. பாதையில் குறுக்கே ஓடும் நீரைக் கடந்தபின் பிரேக்குத் தொட்டிகள் நனைந்திருக்கும். சற்றுத் தூரம் மிதியை இலேசாக அழுத்தியபடி சென்றால் சூட்டினால் உலரும்.

பெட்டி கிடைத்ததும் அதற்கெனப் புதிய பாதை வெட்டும் ஆசை எழுவது இயற்கை. மலைச்சரிவின் அடியை வெட்டுவதும், வடிகாலை மண்ணால் மூடுவதும் இந்த மாவட்டத்தில் விளையாட்டுக் காரியமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இருக்கும் கரத்தைப் பாதையைத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் செப்பனிட்டுப் பயன்படுத்துவதே மேல். புதிய பாதை தவிர்க்க இயலாததாயின், வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிக.

பராமரிப்பும் சோதனையும்

எரு ஏற்றிய அன்றே பெட்டியைக் கழுவுக. போகத்துக்கு ஒரு முறை சில்லுத் தலைகளைக் கழற்றிக் கிறீஸ் மாற்றி, பிரேக்குக் காலணிகளின் தேய்வைப் பார்க்க. கிறீஸ் தொட்டிக்குள் கசிந்திருந்தால் பிரேக்குப் பிடிக்காது. முதலில் கசிவை நிறுத்துக. இரண்டு டயர்களும் ஒரே அளவினதாயும் ஒரே காற்றழுத்தம் உடையனவாயும் இருக்கட்டும். தண்டின் வெல்டிங் மூட்டுகளைக் கழுவித் துடைத்தபின் பார்த்தால், நிறப்பூச்சில் மயிரிழை போன்ற துருக்கோடு தெரியும் இடத்தில் வெடிப்பு இருக்கும். அதன்மேல் மீண்டும் நிறம் பூசி மறைப்பது வழக்கமாகிவிட்டது. வெடிப்பைத் தேய்த்து நீக்கி, புதிதாக வெல்டிங் செய்து, மேலே தகடு ஒன்றும் வைத்து இணைக்க வேண்டும்.

பொது வீதியில் ஓட்டுவதாயின் இயந்திரத்தையும் பெட்டியையும் பதிவு செய்தல் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்க. கை உழவு இயந்திரத்துக்கெனச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் தனி வகுப்பு உண்டு. ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கங்களில் பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிடுவதால் பெட்டியின் பின்புறத்தில் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளித்தகடுகள் பதிப்பது அவசியமாகும். ஓரங்களில் பதித்தால்தான் பின்னால் வரும் பேருந்துச் சாரதிக்கு வண்டியின் அகலம் தெரியும்.

புதிய பெட்டியை முதல் நாளே சந்தைக்குக் கொண்டுசெல்லாதீர்கள். வெறும் பெட்டியுடன் உங்கள் பாதையின் மிகச் சரிவான இடத்துக்குச் சென்று, மிதியைப் பூட்டி, இயந்திரத்தை நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். அப்போது ஆப்புகளைச் சில்லுக்கு ஒரு சாண் கீழே வைத்து, ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. வண்டி அசையாது நின்றால் 200 கிலோகிராம் ஏற்றி மறுபடியும், பின்னர் முழுச் சுமையுடன் மறுபடியும் அவ்வாறே சோதிக்க. முழுச் சுமையில் வண்டி ஒரு விரலளவு நகர்ந்தாலும் கம்பிவடத்தை இறுக்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்குக. மூன்றாம் முறையும் நகர்ந்தால் குறை கம்பிவடத்தில் இல்லை, தொட்டிகளிலேயே உள்ளது. அவற்றைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுசெல்க.